ஐயா, உங்களுக்குக் கூலி கொடுப்பது யார்?

பணத்துக்கு வழி சொல்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஒரு வீட்டை மனக்கண் முன் கொண்டு வாருங்கள்.

சின்ன ஊர். ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். 35 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். தனியார் பள்ளி என்பதால் பென்ஷன் சொற்பம். ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்த பணம் 25 லட்சம் ரூபாய். அது பாங்கிக் கணக்கில் கிடக்கிறது.

இவ்வளவு பணத்தை அவர் தம் வாழ்நாளில் ஒன்றாகப் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை.

அந்தப் பணத்துக்கு வேலைகள் காத்திருக்கின்றன. இளைய மகளுக்கு இரண்டு ஆண்டுக்குள் கல்யாணம் செய்ய வேண்டும். நகைக் கடன் 3 லட்சம் இருக்கிறது. மனைவிக்குச் சர்க்கரை வியாதி. மீதியை வைத்துக்கொண்டுதான் கணவனும் மனைவியும் கடைசிவரை காலம் தள்ள வேண்டும்.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. இறங்கியவர் ஆசிரியரின் பழைய மாணவர். "சார்!" என்று காலைத் தொட்டுக் கும்பிடுகிறார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கிறார். அதில் அவர் பெயருக்குக் கீழே "நிதி ஆலோசகர்" என்று அச்சடித்திருக்கிறது.

"சார், ஆண்டுக்கு 2 லட்சம் கட்டுங்கள். 10 ஆண்டு கட்டினால் 20 லட்சம். முடிவில் உங்கள் கைக்கு 26 லட்சத்து 40 ஆயிரம் வரும். நோகாமல் 6 லட்சத்து 40 ஆயிரம் லாபம்! நடுவில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு இன்ஷ்யூரன்ஸ் பணம் வரும்."

காபி கொண்டுவந்த அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, தப்பாக நினைக்காதே. இதில் உனக்கு எவ்வளவு கிடைக்கும்?"

மாணவர் சிரித்தார். "கம்பெனி ஏதோ கொடுக்கும், அம்மா. நீங்கள் ஒரு காசுகூடத் தர வேண்டாம். என் ஆலோசனை இலவசம்!"

ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெற்ற பிள்ளை மாதிரி வந்திருக்கிறான். அவனிடம் போய் இப்படியா கேட்பது?" என்று மனைவியைக் கடிந்துகொண்டார்.

கையெழுத்து விழுந்தது. முதல் தவணை 2 லட்சத்துக்குச் செக்கும் கொடுத்தாயிற்று.

அந்த அம்மாள் கேட்டது தப்பா?

இல்லை. 25 லட்சம் ரூபாயைச் சுற்றி அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட பேச்சில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்!

மருந்துக் கடையும் டாக்டரும்

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். டாக்டர் பீஸ் வாங்குகிறார். சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அதைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் கொடுத்து மருந்து வாங்குகிறோம்.

மருந்துக் கடைக்காரர் கெட்டவர் அல்ல. அவர் மருந்து விற்பவர். விற்றால்தான் அவருக்குப் பிழைப்பு. "உங்களுக்கு மருந்தே வேண்டாம். இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்திருங்கள்" என்று சொல்வது அவர் வேலை அல்ல. அது டாக்டரின் வேலை.

பண விஷயத்திலும் இப்படி இரண்டு வகையினர் இருக்கிறார்கள்.

ஒருவர் விற்பவர். இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு, மியூச்சுவல் பண்டு விநியோகஸ்தர் ஆகியோர் இந்த வகை. பாங்கியில் டெபாசிட் போடப் போகும்போது, "கூடவே இந்தப் பாலிசியையும் எடுங்களேன்" என்று சொல்லும் அதிகாரியும் அந்த நேரத்தில் விற்பவர்தான். இவர்களுக்குக் கமிஷனோ ஊக்கத்தொகையோ கொடுப்பது கம்பெனி.

இன்னொருவர் ஆலோசனை சொல்பவர். அவருக்குக் கூலி கொடுப்பது நீங்கள். நீங்கள் மட்டுமே!

இந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருப்பார்கள். ஒரே மாதிரி பேசுவார்கள். ஆளைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கூலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

கூலி கொடுப்பவரின் பேச்சைத்தான் கை கேட்கும். இது உலக வழக்கம்.

"இலவசம்" என்பது எவ்வளவு?

"நீங்கள் ஒரு காசுகூடத் தர வேண்டாம்" என்றார் அந்த மாணவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆசிரியர் தம் சட்டைப் பையிலிருந்து எதையும் எடுத்து அவரிடம் கொடுக்கவில்லை.

ஆனால் கம்பெனி கமிஷனை எங்கிருந்து எடுக்கிறது? நீங்கள் கட்டும் பணத்திலிருந்துதான்! வேறு எங்கிருந்து எடுக்கும்?

ஒரு காலத்தில் மியூச்சுவல் பண்டில் 100 ரூபாய் போட்டால், வாசலிலேயே சுமார் 2 ரூபாய் 25 காசைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் முதலீடு செய்தார்கள். பிடித்த பணம் விற்றுக் கொடுத்தவருக்குப் போயிற்று. 2009 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இந்த வாசல் கட்டணத்தைச் செபி ஒழித்துவிட்டது. செபி என்பது பங்குச் சந்தையையும் மியூச்சுவல் பண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பு. 1988இல் ஏற்பட்டது. 1992இல் அதற்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது.

பிறகு 2013 ஜனவரி முதல் தேதியிலிருந்து இன்னொரு வசதி வந்தது. ஒரே பண்டை இரண்டு வகையாக வாங்கலாம். ஒன்று, விநியோகஸ்தர் மூலம் வாங்குவது. மற்றொன்று, நேரடியாக வாங்குவது. இதற்கு "டைரக்ட் பிளான்" என்று பெயர். இதில் கமிஷன் கிடையாது. ஆகவே செலவு குறைவு.

குறைவு என்றால் எவ்வளவு? பண்டுக்குப் பண்டு மாறும். ஒரு பேச்சுக்கு ஆண்டுக்கு 1 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

"பூ! 1 சதவிகிதம்தானே?" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 சதவிகிதம் வீதம் 20 ஆண்டுகள் வளர்ந்தால் சுமார் 6 லட்சத்து 72 ஆயிரம் ஆகும். அதே 1 லட்சம் 9 சதவிகிதம் வீதம் வளர்ந்தால் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம்தான் ஆகும்.

வித்தியாசம் 1 லட்சத்து 12 ஆயிரம்! போட்ட முதலைவிட அதிகம். இதுதான் "இலவசம்" என்பதன் விலை.

பண்டு இத்தனை சதவிகிதம் வளரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இது கணக்கு புரிவதற்காகச் சொன்னது. ஆனால் லாபம் வந்தாலும் வராவிட்டாலும், செலவு மட்டும் நிச்சயம்.

தர்மகர்த்தா

கோவில் சொத்தை நிர்வாகம் செய்பவருக்குத் தர்மகர்த்தா என்று பெயர். சொத்து அவருடையது அல்ல. சாமியுடையது. சாமியின் நன்மையைத்தான் அவர் பார்க்க வேண்டும். கோவில் நிலத்தைத் தன் மைத்துனனுக்குக் குறைந்த குத்தகைக்கு விட்டால் ஊர் சும்மா இருக்குமா?

பண ஆலோசகரும் ஒரு தர்மகர்த்தாவைப் போல நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதலீட்டு ஆலோசகர்களுக்கு என்றே 2013இல் செபி தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2020இலும், 2024 டிசம்பரிலும் அவை திருத்தப்பட்டன. கூலி வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் செபியிடம் பதிவு செய்ய வேண்டும். உங்களிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்குபவர், உங்களுக்கே ஒரு திட்டத்தை விற்றுக் கம்பெனியிடம் கமிஷனும் வாங்கக் கூடாது.

ஒரு கையில் மருந்துச் சீட்டு, இன்னொரு கையில் மருந்துக் கடைக் கமிஷன் என்பது கூடாது!

இது நம் நாட்டில் மட்டும் வந்த சட்டம் அல்ல. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டிலேயே முதலீட்டு ஆலோசகர்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே ஓர் ஆலோசனை நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? சில பங்குகளை முதலில் தான் வாங்கிக்கொண்டது. பிறகு, "இவற்றை வாங்குங்கள்" என்று தன் சந்தாதாரர்களுக்கு எழுதியது. அவர்கள் வாங்கியதும் விலை ஏறியது. உடனே தன்னிடம் இருந்ததை விற்று லாபம் பார்த்தது! வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தனக்கு இதில் என்ன ஆதாயம் என்பதை ஆலோசகர் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று 1963இல் தீர்ப்பாயிற்று.

இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டின் கடைசி நாளோடு, முதலீட்டு ஆலோசகர்கள் கம்பெனிகளிடம் கமிஷன் வாங்கும் வழக்கத்துக்கே முடிவு கட்டினார்கள்.

ஆக, அந்த அம்மாள் காபித் தம்ளருடன் நின்று கேட்ட கேள்வியைத்தான் பெரிய பெரிய நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள்.

நல்ல ஆலோசகர் என்ன செய்வார்?

நேர்மையான ஆலோசகரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? அவர் செய்வதையும் செய்யாததையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் அவர் கேட்பார். பிறகுதான் பேசுவார். உங்களுக்கு என்ன வயது? என்ன வருமானம்? எவ்வளவு கடன்? உங்களை நம்பி எத்தனை பேர்? எந்தச் செலவு எப்போது வருகிறது? போட்ட பணம் ஓர் ஆண்டில் கால் பங்கு குறைந்துவிட்டால் உங்களால் தூங்க முடியுமா? இவற்றை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். கேட்காமல் ஆலோசனை சொல்வது, நாடி பார்க்காமல் ஊசி போடுவதைப் போன்றது. ஆசிரியரிடம் வந்த மாணவர், "சார், மகளுக்குக் கல்யாணம் எப்போது?" என்று ஒரு வார்த்தை கேட்டாரா?

கட்டணத்தை முதலிலேயே சொல்வார். எழுத்தில் கொடுப்பார். ஒப்பந்தம் போடுவார். 2025 ஜனவரியில் செபி போட்ட உத்தரவுப்படி, பதிவு பெற்ற ஆலோசகர் ஒரு குடும்பத்திடம் நிலையான கட்டணமாக ஆண்டுக்கு 1 லட்சத்து 51 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அல்லது, ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தில் ஆண்டுக்கு 2.5 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இது உச்சவரம்புதான். இவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதல்ல! ஓர் ஆண்டுக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ரொக்கமாக வாங்கக் கூடாது. செக்காகவோ பாங்கி மூலமாகவோதான் வாங்க வேண்டும்.

உங்கள் பணத்தைத் தொட மாட்டார். கட்டணத்தைத் தவிர வேறு எந்தச் செக்கும் அவர் பெயருக்குப் போகக் கூடாது. முதலீட்டுப் பணம் நேராகப் பாங்கிக்கோ, பண்டுக்கோ, தபால் நிலையத்துக்கோ போக வேண்டும். "என் கணக்கில் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஆசை காட்ட மாட்டார். "மாதம் 10 சதவிகிதம் நிச்சயம்!" என்று சொல்ல மாட்டார். 2012ஆம் ஆண்டை மறக்க முடியுமா? ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம், ஆண்டுக்கு ஆண்டு போனஸ் என்று ஆசை காட்டினார்கள். நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் பணம் கட்டினார்கள் மக்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏமாந்தன. கடைசியில் தீவனம் இல்லாமல் கோழிகள் பட்டினி கிடந்தன. அவற்றை வாங்கியவர்கள் கண்ணீரும் கம்பலையுமாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு அலைந்தார்கள்.

"வேண்டாம்" என்று சொல்வார். இதுதான் முக்கியமான அடையாளம். "ஐயா, முதலில் நகைக் கடனை அடையுங்கள்" என்று சொல்வதால் அவருக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது. ஆனால் உங்களுக்கு? 3 லட்சம் கடனுக்கு 12 சதவிகித வட்டி என்றால் ஆண்டுக்கு 36 ஆயிரம் கட்டுகிறீர்கள். அதே 3 லட்சத்தை 7 சதவிகித வட்டிக்கு டெபாசிட் போட்டால் 21 ஆயிரம்தான் வரும். கடனை வைத்துக்கொண்டு டெபாசிட் போட்டால் ஆண்டுக்கு 15 ஆயிரம் ரூபாய் ஓட்டைக் குடத்தில் போவது மாதிரி போகும்.

காரணத்தை எழுதிக் கொடுப்பார். இன்ன காரணத்துக்காக இதைச் சொன்னேன் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பதிவுகளை 5 ஆண்டு பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. வாய்ப் பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து நிற்கும்.

உங்களுக்குப் புரியும்படி பேசுவார். புரியவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்வார். மூன்றாம் முறையும் சொல்வார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது, கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்பவர் உங்கள் ஆலோசகர் அல்ல.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

நேர்மையான ஆலோசகர் ஜோசியர் அல்ல. நாளைக்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று அவருக்கும் தெரியாது. அவர் சொன்னபடி செய்தும் நஷ்டம் வரலாம். நஷ்டம் வந்ததற்காக அவரை மோசக்காரர் என்று சொல்லிவிட முடியாது. நஷ்டம் வரலாம் என்பதை முன்கூட்டியே சொன்னாரா? உங்கள் நிலைமைக்கு ஏற்ற யோசனையைச் சொன்னாரா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டணம் வாங்குகிறவர் எல்லாரும் உத்தமர்கள் என்றும், கமிஷன் வாங்குகிறவர் எல்லாரும் கெட்டவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். குடும்பத் தலைவர் திடீரென்று இறந்தபோது, ஓடி வந்து பாரம் எழுதிக் கொடுத்து, இன்ஷ்யூரன்ஸ் பணத்தை விதவையின் கையில் சேர்ப்பித்த ஏஜெண்டுகள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். "நான் விற்பவன். இதில் எனக்கு இவ்வளவு கமிஷன்" என்று ஒளிக்காமல் சொல்கிறவரிடம் தாராளமாக வாங்கலாம்.

அதேபோல, சொத்தின் மதிப்பில் சதவிகிதக் கட்டணம் வாங்கும் ஆலோசகருக்கும் ஒரு சபலம் வரலாம். நீங்கள் பணத்தை எடுத்துக் கடனை அடைத்தால் அவர் கட்டணம் குறையும் அல்லவா? ஆகவே அவரிடமும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம். எல்லாருக்கும் ஆலோசகர் தேவை இல்லை. மாதம் 1,000, 2,000 சேமிக்கும் குடும்பத்துக்குத் தபால் நிலையமும் பாங்கியும் போதும். ஆயுளில் ஒரு முறை வரும் பெரிய தொகைக்குத்தான் ஆலோசனை வேண்டும். ஓய்வுப் பணம், விபத்து இழப்பீடு, நிலம் விற்ற பணம், கணவர் இறந்து வந்த இன்ஷ்யூரன்ஸ் தொகை இவையெல்லாம் அந்த வகை. அப்போதுதான் மனம் கலங்கி இருக்கும். அப்போதுதான் வாசலில் ஆட்களும் அதிகம் வருவார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அழுகிறவர்களும் வருவார்கள்!

சோதிப்பது எப்படி?

செபியில் பதிவு பெற்ற ஆலோசகருக்கு ஒரு பதிவு எண் உண்டு. அது ஐ, என், ஏ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். செபியின் இணையதளத்தில் எல்லா ஆலோசகர்களின் பட்டியலும் இருக்கிறது. வந்தவரிடம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசி பார்க்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏ, ஆர், என் என்று எண் தொடங்கினால் அவர் மியூச்சுவல் பண்டு விநியோகஸ்தர். அதாவது, விற்பவர்.

எண் இருப்பதால் மட்டும் ஆள் கெட்டிக்காரர் என்று ஆகிவிடாது. ஆனால் தவறு நடந்தால் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "இந்தப் பங்கை வாங்கு" என்று பெயர் தெரியாத ஒருவர் சொல்வதைக் கேட்டுப் பணத்தை இழந்தால், யாரைப் போய்ப் பிடிப்பது?

ஆலோசகர் மீது புகார் இருந்தால் செபியின் "ஸ்கோர்ஸ்" என்ற இணையதளத்தில் எழுதலாம். 2011 முதல் நடந்துவரும் இந்த ஏற்பாடு 2024இல் புதுப்பிக்கப்பட்டது. புகாருக்கு 21 நாளுக்குள் பதில் நடவடிக்கை வேண்டும். செபியின் இலவசத் தொலைபேசி எண் 1800 266 7575. இன்ஷ்யூரன்ஸ் பற்றிய புகாரைக் கம்பெனி தீர்க்காவிட்டால், இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. அதிக வட்டி என்று டெபாசிட் வாங்கி ஏமாற்றினால், தமிழ்நாடு போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். இதற்கென்றே 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

மீண்டும் அந்த வீட்டுக்கு

ஆசிரியர் வீட்டுக்குத் திரும்பி வருவோம்.

ஒன்பதாம் நாள் தபாலில் பாலிசிப் பத்திரம் வந்தது. வணிகவியல் படித்த இளைய மகள் அதை எடுத்துப் படித்தாள். ஒரு நோட்டில் கணக்குப் போட்டாள்.

ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 10 ஆண்டு. முடிவில் 26 லட்சத்து 40 ஆயிரம். பார்ப்பதற்குப் பெரிய தொகை. ஆனால் வருஷக் கணக்குப் பார்த்தால் கிடைப்பது சுமார் 5 சதவிகிதம்தான்! அதுவும் 10 ஆண்டு பணத்தைக் கட்டிப் போட்டு. நடுவில் கல்யாணச் செலவுக்கு எடுத்தால், கட்டியதில் கணிசமான பங்கு போய்விடும்.

"அப்பா, இதைத் திருப்பிக் கொடுக்க முடியும்" என்றாள் மகள்.

உண்மைதான். ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கலாம். 2024இல் வந்த விதி இது. இன்ஷ்யூரன்ஸ் இருந்த நாட்களுக்கான செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் இவற்றைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆசிரியர் தயங்கினார். "பையன் மனசு சங்கடப்படுமே!"

"அவன் மனசுக்கு ஒரு நாள் சங்கடம். நமக்கு ஆயுசு முழுக்க" என்றார் அம்மாள்.

கடிதம் போயிற்று. பணம் திரும்பி வந்தது.

பிறகு, கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஆகவே கைப்பேசி மூலமாகத்தான் பேச முடிந்தது. அவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். 12 ஆயிரம் ரூபாய் கட்டணம் என்றார். ஆசிரியருக்குப் பகீர் என்றது. வெறும் பேச்சுக்கு 12 ஆயிரமா!

அவர் எழுதி அனுப்பிய யோசனை ஒரே பக்கம்.

நகைக் கடன் 3 லட்சத்தை உடனே அடைக்கவும். கல்யாணத்துக்கு 7 லட்சம். அதை இரண்டு பாங்கிகளில் பிரித்து டெபாசிட் போடவும். ஒரு பாங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. வைத்தியச் செலவுக்கு 1 லட்சம் கையோடு இருக்கட்டும். 12 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடவும். தபால் நிலையத்திலேயே போடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். மீதி 2 லட்சத்தில், விருப்பம் இருந்தால் ஒரு பகுதியை டைரக்ட் பிளானில் போடலாம். நஷ்டம் வந்தால் தூக்கம் போய்விடும் என்றால் அதுவும் வேண்டாம்.

"இந்த மூத்த குடிமக்கள் திட்டத்தைப் பற்றி ஒருவரும் வந்து சொல்லவில்லையே?" என்று ஆசிரியர் கேட்டார்.

"யார் வந்து சொல்வார்கள், சார்? 2011 டிசம்பர் முதல் அதில் ஏஜெண்டுக்குக் கமிஷன் கிடையாது" என்றார் ஆலோசகர்.

ஆசிரியர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். 35 ஆண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இந்தக் கணக்கை இன்றுதான் அவர் படித்தார்.

சில நாள் கழித்துப் பழைய மாணவர் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. மாதக் கடைசிக்குள் இத்தனை பாலிசி என்று அவருக்குக் கம்பெனி கெடு வைத்திருந்தது. "சார், நான் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை" என்றார்.

"தெரியும், அப்பா. நீ கெட்ட பிள்ளை இல்லை. உனக்குச் சம்பளம் கொடுக்கிறவன் வேறு ஆள். அவ்வளவுதான்" என்றார் ஆசிரியர்.

அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். பிறர் பேச்சை நம்பிப் போடும்போது அளப்பது எப்படி? பேசுகிறவரிடமே கேட்டுவிடுங்கள்:

"ஐயா, உங்களுக்குக் கூலி கொடுப்பது யார்?"

நேர்மையான ஆலோசகர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "நீங்கள்தான்" என்று சொல்வார். கையோடு அதை எழுதியும் கொடுப்பார்.